மாசக்கணக்கில் பிராக்டீஸ்... பாதி வழியில் பஞ்சர்! சைக்கிள் ரேஸில் துரதிர்ஷ்டத்தைச் சமாளிப்பது எப்படி?

சைக்கிள் ரேஸ் முடிந்த பிறகு ஃபினிஷ் லைன் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஜெயித்தவர்களைவிட அதிகம் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஜெயிக்காதவர்கள்தான். 'நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு, செயின் கழண்டுருச்சு', 'முன்னாடி போனவர் திடீர்னு பிரேக் அடிச்சுட்டார்', 'பஞ்சர் மட்டும் ஆகலைன்னா முதல் பத்துல வந்திருப்பேன்'... இப்படி ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையும் கடைசியில் வந்து நிற்கும் இடம் மட்டும் ஒன்றுதான். 'நேரம் சரியில்லை ப்ரோ!'

உண்மையிலேயே நேரம்தான் காரணமா? சில சமயம் ஆமாம். பல சமயம் இல்லை. எது துரதிர்ஷ்டம், எது நம் கவனக்குறைவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அடுத்த ரேஸில் பாதிக் கதை குறைந்துவிடும். அதைவிட முக்கியம், உயிருக்கு ஆபத்தான ஒரு தவற்றையும் தவிர்க்கலாம்.

ஸ்பேர் சைக்கிள் கிடையாது, டீம் கார் கிடையாது

நீங்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பளபளக்கும் டெயில் லைட்டுகளோடு வரிசையாகப் போகும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலை, நசரத்பேட்டை வழியாகவும் பட்டாபிராம் அருகே நெமிலிச்சேரி வழியாகவும்தான் போகிறது. மேற்கு சென்னை சைக்கிள்காரர்களுக்கு அதுதான் பயிற்சி மைதானம்.

சைக்கிளுக்கும் இந்த ஏரியாவுக்கும் பழைய பந்தம் உண்டு. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில்தான் இருந்தது. நம் அப்பா, தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களில் ஏராளமானவை இங்கிருந்து போனவைதான்.

இன்று இங்கே ரோடு பைக் ஓட்டுபவர்களில் பெரும்பாலானவர்கள் அமெச்சூர்கள். ஐ.டி., ஃபேக்டரி ஷிஃப்ட், டீச்சர் வேலை, சொந்தக் கடை என்று வாரத்தில் ஆறு நாள் ஓடிவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் பயிற்சி எடுப்பவர்கள். தொழில்முறை வீரருக்குப் பஞ்சர் ஆனால் பின்னால் வரும் டீம் காரிலிருந்து சில விநாடிகளில் புதுச் சக்கரம் வந்துவிடும். அமெச்சூருக்கு ஜெர்சியின் பின்பாக்கெட்டில் இருக்கும் ஒரு டியூபும் கைப்பம்பும்தான் துணை. ஒரே துரதிர்ஷ்டம்தான், ஆனால் இரண்டு பேருக்கும் அது வைக்கும் விலை வேறு.

முதல் ஒலிம்பிக்கிலேயே ஆரம்பித்த கதை!

இது இன்று நேற்றுப் பிரச்னை இல்லை. 1896 ஏப்ரல் 12. நவீன ஒலிம்பிக்கின் முதல் சாலை சைக்கிள் பந்தயம். ஏதென்ஸிலிருந்து மராத்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். மொத்தம் 87 கி.மீ. ஓட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

திரும்பி வரும் வழியில் முன்னிலையில் இருந்த கிரேக்க வீரர் அரிஸ்டிடிஸ் கான்ஸ்டான்டினிடிஸின் சைக்கிள் உடைந்துவிட்டது. பின்னால் வந்த எட்வர்ட் பாட்டெல் அவரைத் தாண்டிப் போனார். பாட்டெல் ஏதென்ஸில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாளர். 'கூலி வாங்கி வேலை செய்பவன் எப்படி அமெச்சூர் ஆக முடியும்?' என்று அவருடைய சொந்த நாட்டுக்காரர்களே அவரைப் போட்டியிலிருந்து ஒதுக்கப் பார்த்தார்கள். அதையெல்லாம் மீறி வந்து, ஒலிம்பிக்கில் முன்னிலையும் பிடித்துவிட்ட மனிதர், வழியில் விழுந்துவிட்டார். இதற்குள் வேறொரு சைக்கிளை வாங்கி ஓட்டிவந்த கான்ஸ்டான்டினிடிஸ் 3 மணி 22 நிமிடம் 31 விநாடியில் ஜெயித்தார். ஜெர்மனியின் ஆகஸ்ட் ஃபான் கோட்ரிஷ் இரண்டாமிடம். பாட்டெலுக்கு மூன்றாமிடம்.

கவனித்தீர்களா? ஒரே பந்தயத்தில் இரண்டு பேருக்கும் அதிர்ஷ்டம் கைவிட்டது. ஒருவருக்கு மாற்று சைக்கிள் கிடைத்தது. ரேஸில் துரதிர்ஷ்டம் எல்லோரையும்தான் தேடி வரும். வந்த பிறகு கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவை மாற்றுகிறது.

கையில் தொழில் இருந்தும் ஜெயிக்க முடியாதவர்களும் உண்டு. 1913 டூர் டி ஃபிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரர் டூர்மாலே மலை இறக்கத்தில் வரும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, அடிவாரத்தில் இருந்த ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனார். அந்தக் கால விதிப்படி அடுத்தவர் உதவியே கூடாது. இரும்பைக் காய்ச்சி, அடித்து, தானே ஃபோர்க்கைச் சரிசெய்தார். கை போதாததால் ஒரு சிறுவன் துருத்தி ஊத, அதற்கும் அபராதமாக நேரத்தைக் கூட்டினார்கள். மணிக்கணக்கில் பின்தங்கியும் அந்த டூரை ஏழாமிடத்தில் முடித்தார். 1919-ல் வரலாற்றின் முதல் மஞ்சள் ஜெர்சி அவர் தோளுக்குத்தான் வந்தது. அந்த வருடமும் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் ஃபோர்க் உடைந்தது! கடைசிவரை அவர் டூரை ஜெயிக்கவே இல்லை.

விதிப்புத்தகம் எதை துரதிர்ஷ்டம் என்கிறது?

இதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று இருக்கிறது. மைதானத்துக்குள் நடக்கும் டிராக் பந்தயங்களில் சர்வதேச விதிகள் துரதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. கீழே விழுவது, பஞ்சர், சைக்கிளின் முக்கியப் பாகம் உடைவது... இவை 'ஏற்கத்தக்க' கோளாறு. இதற்கு வீரருக்குச் சலுகை உண்டு. பாகங்களைச் சரியாக மாட்டாமல் விட்டது, பெடல் பட்டையை இறுக்காமல் விட்டது... இவை 'ஏற்க முடியாத' கோளாறு. அதாவது, 'இது உன் தப்பு தம்பி' என்று அர்த்தம்.

சாலைப் பந்தயத்தில் நடுவழியில் பஞ்சர் ஆனால் இப்படிச் சலுகை கிடையாது. பல நாள் நடக்கும் போட்டிகளில் சமதளக் கட்டங்களின் கடைசி சில கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ, கூட இருந்த குழுவின் நேரத்தையே கொடுப்பார்கள். நம்மூர் ஒருநாள் ரேஸில் அதுவும் கிடையாது. ஆனால், அந்த விதி கேட்கும் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம். 'எனக்கு நடந்தது ஏற்கத்தக்கதா, இல்லையா?'

வீட்டிலேயே ஆரம்பிக்கும் 'துரதிர்ஷ்டம்'

பாதிக்கு மேற்பட்ட சோகக் கதைகளின் ஆரம்பம் வீட்டு வாசலிலேயே இருக்கும்.

டயர்: ரப்பர் தேய்ந்து நடுப்பகுதி தட்டையாகிவிட்ட டயரோடு ரேஸுக்குப் போனால், பஞ்சரை நீங்களே அழைத்துப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு ரைடு முடிந்ததும் டயரைச் சுற்றிவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். குத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடித் துண்டு உடனே டியூபுக்குப் போய்விடாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, ரேஸ் அன்றுதான் டியூபைத் தொடும்.

செயின்: மேம்பாலம் ஏறும்போது பெடலில் முழு பலத்தையும் போட்டு அழுத்திக்கொண்டே முன்கியரை மாற்றினால் செயின் கழலும். ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றும் அந்த நொடியில் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஹேங்கர்: பின்கியர் அமைப்பை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டு இது. ஃபிரேம் சேதமாகக் கூடாது என்பதற்காக, முதலில் இது வளையும்படிதான் செய்திருப்பார்கள். காரில் ஏற்றும்போது சைக்கிள் வலதுபக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடலாம். அப்புறம் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது கியர் பாகம் ஸ்போக்ஸில் சிக்கினால், ரேஸ் அங்கேயே முடிந்தது.

வயிறு: 'திடீர்னு கால்ல பவரே இல்ல' என்பது பெரும்பாலும் துரதிர்ஷ்டம் இல்லை, பசி. தசைகளில் சேர்த்துவைத்த மாவுச்சத்து, கடுமையாக ஓட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர ஆரம்பிக்கும். நீண்ட ரேஸில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும். சென்னை வெயிலில் வியர்வையோடு உப்பும் போவதால், வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

ரோடு கொடுக்கும் பஞ்சர்

இங்கேதான் உண்மையான துரதிர்ஷ்டம் வருகிறது. அதிலும் நம் ஏரியாவுக்கென்று சில ஸ்பெஷல்கள் உண்டு.

ஒன்று, லாரி டயர் கம்பி. வெடித்த ரேடியல் டயர்களுக்குள் இருந்து உதிரும் தலைமுடி போன்ற மெல்லிய எஃகுக் கம்பி. சரக்கு வண்டிகள் அதிகம் ஓடும் வெளிவட்டச் சாலை ஓரத்தில் இது சகஜம். கண்ணுக்கே தெரியாது. டியூபை மாற்றும்போது இந்தக் கம்பியை டயரிலிருந்து எடுக்காவிட்டால், புது டியூபும் சில நிமிடங்களில் காலி. 'ஒரே ரேஸ்ல ரெண்டு பஞ்சர், என்னா ராசி!' என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கம்பிதான் இருக்கும். முதலாவது ராசி. இரண்டாவது அவசரம்.

இரண்டு, லேத் பட்டறைகளிலிருந்து வரும் இரும்புப் பிசிறு. தொழிற்பேட்டைச் சாலைகளில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். சாலையின் விளிம்பை ஒட்டியே ஓட்டுபவர்களுக்கு இது அதிகம் மாட்டும்.

மூன்று, மழை. தண்ணீர் படும்போது ரப்பரில் கண்ணாடியும் கம்பியும் எளிதாக வழுக்கி உள்ளே இறங்கும். மழை நாளில் பஞ்சர் அதிகமாவது உங்கள் பிரமை இல்லை.

நான்கு, பள்ளம். பள்ள விளிம்பில் சக்கரம் மோதும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இதற்கு 'பாம்புக்கடி' பஞ்சர் என்றே பெயர். காற்று குறைவாக இருப்பதுதான் முக்கியக் காரணம். அதற்காக டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிப்பதும் தவறு. கல் மாதிரி ஆன டயர் மோசமான ரோட்டில் துள்ளும், பிடிமானம் குறையும். உங்கள் எடைக்கும் டயர் அகலத்துக்கும் ஏற்ற அளவைத் தெரிந்துகொண்டு, ரேஸ் அன்று காலையில் கேஜ் வைத்து அடியுங்கள்.

இன்னொரு விஷயம். பஞ்சர் கடை எல்லா ஊரிலும் உண்டுதான். ஆனால், ரோடு பைக்கில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அந்தக் கடை கம்ப்ரஸர் முனை பொருந்தாது. விரல் நுனி அளவே உள்ள ஒரு பித்தளை அடாப்டரை டூல் பையில் போட்டு வைத்தால், எந்தக் கடையும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

'எனக்கு மட்டும் ஏன்?' ஒரு சின்னக் கணக்கு

உங்களுக்குச் சராசரியாக 1,000 கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. ரேஸில் பஞ்சர் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ 6 சதவிகிதம்தான். அபூர்வம்! ஆனால், இதே நிலையில் உள்ள 20 பேர் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அதே ரேஸுக்குப் போனால், அவர்களில் யாராவது ஒருவருக்காவது பஞ்சர் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவிகிதம்.

அதாவது, யாரோ ஒருவருக்கு ஆகத்தான் போகிறது. இன்று அந்த ஒருவர் நீங்கள். இதில் உங்கள் ஜாதகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

பஞ்சர் ஆன பிறகு என்ன நடக்கும்? டியூப் மாற்ற 6 நிமிடம் என்று வைத்தால், மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போகும் குழு அதற்குள் 3.5 கி.மீ. தாண்டிவிடும். குழுவில் இருக்கும்போது முன்னால் இருப்பவர்கள் காற்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். இப்போது முழுக் காற்றையும் நீங்கள் ஒருவரே தள்ள வேண்டும். எனவே, 'விரட்டிப் பிடிச்சுடலாம்' என்று முழு வேகத்தில் மிதிப்பது பெரும்பாலும் கைகூடாது. பின்னால் வரும் அடுத்த குழுவில் சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பக்கத்துச் சக்கரம் தரும் ஆபத்து

ரேஸில் விழுவது பெரும்பாலும் தனியாக நடப்பதில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைத் தொடவே கால் விநாடி ஆகும். அதற்குள் கிட்டத்தட்ட 3 மீட்டர் போயிருப்பீர்கள்.

குறிப்பாக, உங்கள் முன்சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைத்து ஓட்டாதீர்கள். அவர் லேசாக விலகினாலும் இரண்டு சக்கரமும் உரசும். அவர் பெரும்பாலும் நிற்காமல் போய்விடுவார். பேலன்ஸும் திசையும் உங்கள் முன்சக்கரத்தின் கையில் இருப்பதால், விழுவது நீங்கள்தான். பள்ளம் கண்டால் கை காட்டுங்கள், குரல் கொடுங்கள். பாட்டிலை எடுக்கும்போதும் நேர்க்கோட்டை விடாதீர்கள். முன்னால் இருப்பவரை மட்டும் பார்க்காமல் அவருக்கும் முன்னால் இரண்டு, மூன்று பேரைப் பாருங்கள்.

விழுந்துட்டீங்களா? ரேஸை மறந்துடுங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

விழுந்ததும் உடம்பில் அட்ரினலின் பாயும். வலி தெரியாது. 'சைக்கிள் ஓகேவா?' என்றுதான் முதலில் பார்ப்போம். மாசக்கணக்கில் உழைத்திருப்பதால் எழுந்து ஓட்டத்தான் மனசு சொல்லும். தலையில் அடிபட்டிருந்தால் அங்கேதான் ஆபத்து. தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, தள்ளாட்டம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைய ரேஸ் முடிந்தது. மூளை அதிர்ச்சி அடைந்த நிலையில் மறுபடி விழுந்தால் பாதிப்பு பல மடங்காகலாம். தொழில்முறை சைக்கிளிங்கிலேயே 2021 முதல் இதற்கெனத் தனி நடைமுறை இருக்கிறது. சில அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், அன்று தனியாகத் தூங்கப் போகாதீர்கள்.

கீழே கிடப்பவர் கழுத்து வலி என்றால் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கையை ஊன்றி விழுந்து தோள்பட்டைக்கு முன்னால் வலித்தால், காறை எலும்பு முறிந்திருக்கலாம். சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டு மண் போகக் கழுவிவிட்டு, டி.டி. ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்கினால், அடுத்த அடியைத் தாங்காது.

பயிற்சியின்போது சாலை விபத்தில் சிக்கினால், தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருப்பதை வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கான செலவை வரையறுக்கப்பட்ட தொகை வரை அரசே ஏற்கிறது. கையில் பணமில்லை என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பல பிள்ளைகளுக்கு முதல் ரேஸ், அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டிதான். இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி உள்ள சைக்கிள்தான் அனுமதி. வயதுப் பிரிவைப் பொறுத்து 10 முதல் 20 கி.மீ. தூரம். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஒரு முறை செயின் கழன்றாலும் மீள்வது கஷ்டம். முந்தின வாரமே செயின் தொய்வு, பிரேக் கட்டை, சக்கர நட்டுகளைக் கடையில் காட்டிவிடுங்கள். செயினைக் கையால் மாட்ட பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அதையும் மீறிக் கழன்றால், 'ஒழுங்கா ஓட்டியிருக்கலாம்ல' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பாதியில் நின்றால் அவமானமா?

ரிசல்ட் பட்டியலில் பெயருக்கு நேராக 'டி.என்.எஃப்.' (பந்தயத்தை முடிக்கவில்லை) என்று வருவதைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். நெதர்லாந்தின் அன்னமிக் ஃபான் ஃப்ளூட்டன், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கித் தனியாக முன்னேறிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 10 கி.மீ. மீதமிருக்கும்போது இறக்கத்தில் விழுந்தார். முதுகெலும்பில் மூன்று இடங்களில் முறிவு, தலையில் அதிர்ச்சி. அன்று அவர் பெயருக்கு நேராகவும் டி.என்.எஃப்.தான். அடுத்த ஆண்டே தனிநபர் நேரப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார்.

2021-ல் டோக்கியோ. சாலைப் பந்தயத்தில் கோட்டைத் தாண்டியதும் தங்கம் வென்றுவிட்டதாக நினைத்துக் கையை உயர்த்தினார். ஒருவர் ஏற்கெனவே முடித்துவிட்டது அவருக்குத் தெரியாது. காதில் ரேடியோ அனுமதி இல்லாத பந்தயம் அது. முன்னால் போய் ஜெயித்தவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசென்ஹோஃபர். எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாத, கணித ஆராய்ச்சியாளரான ஓர் அமெச்சூர்! மூன்று நாள் கழித்து நேரப் பந்தயத்தில் ஃபான் ஃப்ளூட்டனுக்கும் தங்கம் கிடைத்தது.

ரியோவில் அன்று அவர் ஆம்புலன்ஸில் போனதால்தான் டோக்கியோ சாத்தியமானது. ரேஸ் அடுத்த வருடமும் வரும்.

ரேஸுக்கு முந்தின ராத்திரி செக் லிஸ்ட்

* டயரைச் சுற்றித் தடவிப் பார்த்தாச்சா?
* இரண்டு டியூப், டயர் லீவர், பம்பு, வால்வு அடாப்டர் பையில் இருக்கா?
* எல்லா கியரும் மாறுதா? சக்கரங்கள் இறுக்கமா இருக்கா?
* பிரேக் பிடிக்குதா, ஹெல்மெட் பட்டை சரியா இருக்கா?
* வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பு கலந்த தண்ணீர் ரெடியா?
* அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் ரத்த வகையும் எழுதிய சீட்டு பாக்கெட்டில் இருக்கா?
* ரேஸுக்குன்னு புது ஷூ, புது சீட், புது எனர்ஜி ஜெல்... எதையும் முதல் முறையா முயற்சி பண்ணப் போறீங்களா? வேண்டாமே!

இத்தனையும் செய்த பிறகும் பஞ்சர் ஆனால், தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்... 'நேரம் சரியில்லை ப்ரோ!'